பென்ஹர்ஸ்ட்டை விட்டுச் சென்றோர்

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்கே உள்ள மாநிலங்களுள் ஒன்று பென்சில்வேனியா. அதன் பெருநகரமாகிய பிலடெல்பியாவிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 30 மைல் சென்றால், ஸ்கூல்கில் ஆற்றை அடுத்து ஸ்பிரிங் சிற்றி என்னும் சிறு பட்டினம் உண்டு. அதன் அருகே 1908ஆம் ஆண்டின் இறுதியில் செங்கற் கட்டடங்கள் பல கொண்டதொரு பெரிய காப்பகம் திறக்கப்பட்டது. ‘அறிவு குன்றியோருக்கும் வலிப்பு நோயுடையோருக்குமான கிழக்குப் பென்சில்வேனிய அரசாங்க நிலையம்’ என்பது அதற்கு முதலில் இடப்பட்ட பெயர். பிற்காலத்தில் அது பென்ஹர்ஸ்ட் அரசாங்கப் பாடசாலையும் மருத்துவமனையும் என வழங்கலாயிற்று. பாடசாலை என்ற பெயருக்கேற்ற கல்வியோ மருத்துவமனை என்ற பெயருக்கேற்ற பராமரிப்போ அங்கே எவ்வளவு இருந்தது என்பது பின்னர் நீதிமன்றத்திலே வெளியாகும்.

இத்தகைய காப்பகங்கள் தோன்றிய காலத்தின் எண்ணப் போக்கை மறந்துவிட்டு இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் சமுதாயத்துக்கு ஆபத்தானவர்கள் என்றும், அவர்கள் மக்களைப் பெற்றால் இனமே தரங்கெட்டுவிடும் என்றும் படித்தவர்களே எழுதியும் பேசியும் வந்தனர். ஆகவே அவர்களை ஊரிலிருந்து விலக்கி, ஆணையும் பெண்ணையும் பிரித்து, ஆயுள் முழுவதும் ஓரிடத்தில் வைத்திருப்பதே அறிவுடைமை எனக் கருதப்பட்டது. கருணை சிறிது, அச்சம் பெரிது. இரண்டும் கலந்து எழுந்தவை அக்கட்டடங்கள். காலப்போக்கில் அமெரிக்க மாநிலங்கள் எங்கணும் அவை பெருகின. 1967ஆம் ஆண்டில் இத்தகைய பெரிய அரசாங்க நிலையங்களில் அடைபட்டிருந்தோர் ஏறத்தாழ 1,95,000 பேர். அதற்கு முன்னும் பின்னும் அத்தொகை அவ்வளவு உயர்ந்ததில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 1968இல், பிலடெல்பியாத் தொலைக்காட்சி நிலையமொன்றின் இளம் செய்தியாளர் பில் பல்டினி என்பவர் பென்ஹர்ஸ்ட்டுக்குள் படப்பிடிப்புக் கருவியுடன் சென்றார். அப்போது அங்கிருந்தவர்கள் ஏறத்தாழ 2,800 பேர். வசதியாக வைத்திருக்கலாம் என நிர்வாகமே எண்ணியிருந்த தொகைக்கு மேல் 900 பேர். அவர் கண்டவை ஐந்து பகுதிகளாக ஒளிபரப்பாயின. கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடந்தவர்களையும், வேலை ஏதுமின்றி வெறுந் தரையிலே உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தவர்களையும் ஊரார் தத்தம் வீட்டு மண்டபத்திலிருந்து பார்த்தனர். அறுபது ஆண்டுகளாகத் தமக்கு அருகே இருந்த ஒன்றை அவர்கள் அன்றுதான் கண்டார்கள் என்றால் அது மிகையன்று.

ஆயினும் அதிர்ச்சி சில நாட்களில் அடங்கிவிட்டது. மாற்றம் வந்தது நீதிமன்றத்தின் வழியாக. 1974ஆம் ஆண்டு மே மாதத்தில், பென்ஹர்ஸ்ட்டில் வாழ்ந்த ஓர் இளம் பெண்ணின் சார்பில் சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யப்பட்டது. பின்னர் மற்றையோரும் பெற்றோர் சங்கமும் அதில் இணைந்தனர். அப்பெண் 1966இல், தமது பன்னிரண்டாம் வயதில், அங்கே சேர்க்கப்பட்டவர். பதினொரு ஆண்டுகளில் அவருக்கு நேர்ந்த காயங்களென ஏடுகளில் பதிவானவை நாற்பதுக்கு மேல். தாடை எலும்பு முறிந்தது, விரல்கள் முறிந்தன, பற்கள் பல போயின. அங்கே சேர்ந்தபோது சில சொற்கள் பேசத் தெரிந்திருந்தவர், வழக்கு விசாரணைக்கு வந்தபோது பேச்சையே விட்டிருந்தார்.

வழக்கை விசாரித்தவர் நீதிபதி றேமண்ட் புரொடரிக். 1967 முதல் 1971 வரை இவர் அம்மாநிலத்தின் துணை ஆளுநராகவே இருந்தவர். பல்டினியின் படங்கள் ஒளிபரப்பானபோது அரசாங்கத்தில் அமர்ந்திருந்த ஒருவர், பின்னர் அவ்வரசாங்கத்தின் செயலையே தீர்ப்பிட நேர்ந்தது. 1977 டிசெம்பரில் அவர் எழுதிய தீர்ப்பு ஒரு காப்பகத்தின் கணக்கெடுப்புப் போல அமைந்தது. அங்கிருந்தோரின் சராசரி வயது 36. அவர்கள் அங்கே கழித்த சராசரிக் காலம் 21 ஆண்டு. நூற்றுக்கு 43 பேரை முந்திய மூன்றாண்டுகளில் குடும்பத்தார் எவரும் நாடி வரவில்லை. பாடசாலை செல்லும் வயதினரை நீக்கிப் பார்த்தால், ஒருவருக்கு நாளொன்றில் கிடைத்த பயிற்சி ஏறத்தாழக் கால் மணி நேரம். ஊழியர் போதாமையால் மருந்தும் கட்டுக் கயிறும் அவர்களுக்குப் பதிலாகப் பயன்பட்டன. எல்லாவற்றிலும் பெரிதாக நீதிபதி எடுத்துக்கொண்டது, உள்ளே வந்தவர்கள் தாம் கொண்டுவந்த திறமைகளையே அங்கு இழந்தனர் என்பதாகும். நடக்கத் தெரிந்தவர் நடையை மறந்தார். தாமே உண்ணத் தெரிந்தவர் பிறர் ஊட்டக் காத்திருந்தார். இந்த இடத்தைச் சீர்திருத்திப் பயனில்லை, ஒவ்வொருவருக்கும் ஊருக்குள்ளே தக்கதொரு வாழ்விடம் ஏற்படுத்தப்பட வேண்டும் என்று 1978 மார்ச் 17ஆம் நாள் அவர் கட்டளையிட்டார்.

இதனைக் கேட்டு எல்லோரும் மகிழ்ந்தார்கள் என நேயர்கள் எண்ணக்கூடும். உண்மை அவ்வாறன்று. காப்பகத்தின் ஊழியர்கள் தம் தொழில் பறிபோகும் எனக் கொதித்தனர். அயலிலே இத்தகையோர் குடிவருவதை விரும்பாத ஊர்களும் இருந்தன. ஆனால் இவர்களையெல்லாம்விடக் கவனத்துக்குரிய எதிர்ப்புப் பெற்றோரிடமிருந்து வந்தது. பிற்பாடு நடந்த ஆய்வில், பென்ஹர்ஸ்ட்டில் பிள்ளைகளை விட்டிருந்த குடும்பங்களிற் பெரும்பாலானவை அவர்கள் வெளியே கொண்டு செல்லப்படுவதை விரும்பவில்லை என்பது தெரியவந்தது.

இதனைக் கல்நெஞ்சம் என்று தள்ளிவிடுதல் முறையாகாது. பல ஆண்டுகளுக்கு முன், மருத்துவரின் சொற்கேட்டு, இதுவே பிள்ளைக்கு நன்மை என நம்பிக் கண்ணீருடன் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். அந்த முடிவு தவறு என இப்போது ஒரு நீதிபதி கூறினால், அதனை ஏற்பது எளிதா? அன்றியும் தாய் தந்தையருக்கு வயது முதிர்ந்துவிட்டது. அரசாங்கக் கட்டடம் தங்களுக்குப் பின்னும் நிற்கும். தெருவோர வீடு ஒன்று நிற்குமா என்பது அவர்கள் கேள்வி. அக்கேள்விக்குச் சான்றும் கண்முன்னே இருந்தது. அமெரிக்க அரசாங்க மனநோய் மருத்துவமனைகளில் 1955இல் ஏறத்தாழ 5,59,000 பேர் இருந்தனர். அதன்பின் அவற்றின் கதவுகள் மளமளவெனத் திறக்கப்பட்டன. வெளியே சென்றவர்களுக்கென ஊர்களில் ஏற்படுத்தப்பட வேண்டிய வசதிகள் போதியவாறு ஏற்படவில்லை. பலர் தெருவுக்கும் மலிந்த விடுதிகளுக்கும் சிறைக்கும் போய்ச் சேர்ந்தனர். இன்னார் எங்கே, எப்படி இருக்கிறார் என ஆளாளாகப் பின்தொடர்ந்து பார்த்தவர் அநேகமாக இல்லை.

பென்ஹர்ஸ்ட்டின் வரலாறு இந்த இடத்தில்தான் மற்றவற்றினின்றும் வேறாகின்றது. இதற்கு விடை காணும்படி சமஷ்டி அரசாங்கம் ஓர் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கிற்று. பிலடெல்பியாவின் ரெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கொன்ரோயும், பொஸ்ரனிலிருந்த மனித சேவைகள் ஆய்வு நிறுவனத்தின் வலரி பிராட்லியும் அதனை நடத்தினர். 1979இல் தொடங்கிய வேலையின் பெரிய அறிக்கை 1985இல் வெளியாயிற்று. நீதிபதி கட்டளையிட்ட நாளில் பென்ஹர்ஸ்ட்டில் இருந்தோர் 1,154 பேர். அவர்களுட் சிலரைத் தெரிந்தெடுத்துப் பார்ப்பதன்று திட்டம். எல்லோரையும், அவர்கள் எங்கே கொண்டு செல்லப்பட்டாலும், ஆண்டுக்கு ஒரு முறை தேடிச் சென்று பார்ப்பதே திட்டம்.

எதனைப் பார்ப்பது என்பதில்தான் சங்கடம் இருந்தது. ‘நீர் நலமா?’ என்று கேட்டு விடை எழுதிக்கொள்ளலாம் என்றால், அவர்களுட் பலருக்குப் பேச்சு இல்லை. நீதிமன்றக் கணக்கின்படி நூற்றுக்கு 74 பேர் கடுமையான அல்லது மிகக் கடுமையான குறைபாடு உடையவர்கள். ஆகவே ஆய்வாளர்கள் நல்வாழ்வு என்னும் பெரிய சொல்லைச் சிறுசிறு கேள்விகளாகப் பிரித்தனர். கரண்டியால் தாமே உண்கிறாரா? சட்டையைத் தாமே அணிகிறாரா? மலசலகூடத்தைப் பயன்படுத்துகிறாரா? எத்தனை சொற்களை விளங்கிக்கொள்கிறார்? எண்ணத் தெரியுமா? காசைக் கையாளத் தெரியுமா? தம்மைத்தாமே கடித்தல், பிறரை அடித்தல் முதலிய பழக்கங்கள் உண்டா? இவற்றோடு ஒருவருக்குக் கிடைக்கும் பயிற்சி நேரம் எவ்வளவு, வாழும் இடம் வீடுபோல் உள்ளதா, மருத்துவ வசதி உண்டா என்பனவும் பதியப்பட்டன. பேச வல்லவர்களிடம் நேரிலே கேட்டறிந்தனர். குடும்பத்தாரைத் தனியாகவும், அயலாரைத் தனியாகவும், செலவுக் கணக்கைத் தனியாகவும் ஆராய்ந்தனர்.

கரண்டியையும் சட்டையையும் எண்ணி ஒரு மனிதனின் வாழ்வை அளக்கலாமா எனக் கேட்பது நியாயமே. தனிமையையோ நட்பையோ இந்தத் தாள்கள் முழுதும் பிடித்துவிடவில்லை. ஆயின் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். காப்பகம் இம்மனிதர்களிடமிருந்து பறித்தது என நீதிமன்றம் கண்டதும் இவையேயாகும். இழந்தது எதுவோ, அது திரும்புகிறதா எனப் பார்ப்பதே முதற் கடமை. மேலும், தன் கையால் ஒரு கவளம் உண்பது சிறிய செய்தி என எண்ணுபவர்கள், இருபது ஆண்டுகள் ஒரே வேகத்தில் பிறர் ஊட்ட உண்டவர்களைப் பார்த்தறியாதவர்கள்.

ஆய்வாளர்களுக்கு வேறொரு ஐயமும் இருந்தது. முதலில் வெளியே அனுப்பப்படுவோர் பெரும்பாலும் திறமை மிகுந்தவர்களாக இருத்தல் கூடும். அவர்கள் முன்னேறினால் அது புதிய இடத்தின் பயனா, இயல்பான ஆற்றலின் பயனா? இதனைப் பிரித்தறிய அவர்கள் ஒரு வழி கண்டனர். வெளியே சென்ற 70 பேரை எடுத்துக்கொண்டு, வயதாலும் குறைபாட்டின் அளவாலும் திறமையாலும் அவர்களை ஒத்த 70 பேரைப் பென்ஹர்ஸ்ட்டில் எஞ்சியிருந்தோரிடையே தேடிப்பிடித்து இணையிணையாக வைத்து ஒப்பிட்டனர். 1982இல் வெளியான முடிவு இது: ஊருக்குள் சென்றவர்களின் அன்றாடத் திறமைகள் குறிப்பிடத்தக்கவாறு வளர்ந்திருந்தன, உள்ளே இருந்தவர்களிடம் அத்தகைய வளர்ச்சி காணப்படவில்லை. ஆனால் கடித்தல், அடித்தல் போன்ற பழக்கங்களில் அப்போது இரு சாராரிடையேயும் பெரிய மாற்றம் இல்லை. இவ்விரண்டாவது முடிவையும் அவர்கள் மறைக்காமல் எழுதினர். முதலாவதை நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

இதற்கிடையே வழக்கு மேலே ஏறிச் சென்றது. அங்கே நடந்தது பலர் எதிர்பாராதது. 1981இல் உயர் நீதிமன்றம், வழக்கு ஆதாரமாகக் கொண்ட 1975ஆம் ஆண்டின் சமஷ்டிச் சட்டம் அத்தகைய உரிமையை மாநிலங்கள் மீது சுமத்தவில்லை எனத் தீர்த்தது. 1984 ஜனவரியில், ஒரு மாநிலத்தின் சொந்தச் சட்டத்தை நிறைவேற்றும்படி அம்மாநில அதிகாரிகளுக்குக் கட்டளையிடச் சமஷ்டி நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் மீண்டும் தீர்த்தது. சட்ட மாணவர்கள் பென்ஹர்ஸ்ட் என்னும் பெயரை இன்றும் அறிவது இவ்விரு தோல்விகளாலேயே. ஆனால் தீர்ப்புகள் ஒரு பக்கம் போக, வாகனங்கள் மறுபக்கம் போய்க்கொண்டிருந்தன. பலர் ஏற்கெனவே வெளியேறி, ஊருக்குள் பெரும்பாலும் மும்மூவராகச் சிற்றில்லங்களில் குடியமர்ந்திருந்தனர். அவர்களைத் திரும்பக் கொண்டுவரும்படி கேட்கக் கூடியவர்கள் குறைந்துகொண்டு வந்தனர். 1984இலேயே மாநில அரசாங்கமும் வழக்காளிகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். 1987 டிசெம்பரில் பென்ஹர்ஸ்ட் மூடப்பட்டது.

1985ஆம் ஆண்டு அறிக்கை, ஆராய்ச்சி உலகில் அரிதாகக் காணப்படும் தெளிவுடன் பேசிற்று. அளக்கப்பட்ட துறை எதனை எடுத்தாலும், வெளியே சென்றோர் சராசரியாக முன்னிலும் மேலான நிலையில் இருந்தனர் என்பது அதன் முடிவு. அன்றாடத் திறமை வளர்ந்தது. பயிற்சி நேரம் கூடிற்று. பகலில் வீட்டைவிட்டு வெளியே சென்று செய்ய ஏதேனும் ஒரு வேலையோ பயிற்சியோ இருந்தது. இவர்களால் இனி ஒன்றும் கற்க முடியாது எனக் கைவிடப்பட்ட மிகக் கடுமையான குறைபாடுடையோரும் முன்னேறியோருள் அடங்கினர். அயலாரின் எதிர்ப்பு, அஞ்சிய அளவுக்கு நீடிக்கவில்லை.

எல்லாவற்றிலும் வியப்பானது குடும்பங்களின் மாற்றம். முன்பு எதிர்த்த அதே பெற்றோரிடம், பிள்ளை சிற்றில்லத்தில் குடியேறிய பின்னர் மீண்டும் கேட்டபோது, பெரும்பாலோர் அம்மாற்றத்தை ஆதரித்தனர். முன்பு தாம் கூறியது வேறு என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. இருபது ஆண்டுகளாகப் பெரிய மண்டபமொன்றிற் கண்ட மகனை, முதன்முறையாக ஒரு சமையலறை மேசையருகே கண்டவர்கள் அவர்கள்.

செலவுக் கணக்கைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். ஏனெனில் அங்கே ஒரு முள் இருக்கிறது. ஊருக்குள் வாழ்வோருக்கான செலவு காப்பகச் செலவைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. அரசாங்கங்களுக்கு இது தேன்போல் இனித்தது. ஆனால் காரணத்தைத் தேடிய ஆய்வாளர்கள், சிற்றில்லங்களில் வேலை செய்தோர் அரசாங்கக் காப்பக ஊழியரிலும் மிகக் குறைந்த சம்பளம் பெற்றமையே பெருங் காரணம் எனக் கண்டனர். சிக்கனம் எவர் பையிலிருந்து வந்தது என்பதை அறிக்கை வெளிப்படையாகவே கூறிற்று. அதனைப் படித்த அதிகாரிகள் முதல் வரியை மட்டும் படித்தார்களோ என ஐயுற இடமுண்டு.

இத்தகைய ஆய்வுகளுக்குச் சவாலும் வராமலில்லை. 1996இல் ஆய்வாளர் இருவர், கலிபோர்னிய மாநிலத்தின் பதிவேடுகளை ஆராய்ந்து, உடல்நிலையின் வேறுபாடுகளைச் சரிசெய்து பார்த்தால் ஊருக்குள் வாழ்வோரின் மரண வாய்ப்புக் காப்பகத்தில் வாழ்வோரைவிட நூற்றுக்கு 72 பங்கு மிகுதி என எழுதினர். திறமை வளர்ந்தது என்பதனால் என்ன பயன், உயிரே போகுமானால்? பெரும் விவாதம் எழுந்தது. வேறு மாநிலங்களின் பதிவேடுகளைப் பார்த்தவர்களுக்கு அத்தகைய வேறுபாடு கிட்டவில்லை. பென்ஹர்ஸ்ட்டைப் பொறுத்தவரை, பெயர் பெயராகப் பின்தொடர்ந்த ஏடுகள் கையிலிருந்தமையால், 1978 முதல் 1989 வரை நேர்ந்த மரணங்களை எண்ணிப் பார்க்க முடிந்தது. வெளியே சென்றமையால் மரணம் கூடவில்லை, குறைந்தது என்பது 1998இல் வெளியான கணக்கு. எனினும் கலிபோர்னியக் கேள்வியை வீண் கேள்வி என ஒதுக்குதல் தகாது. காப்பகத்தில் மருத்துவரும் தாதியரும் ஒரே வளவுக்குள் இருந்தனர்; தெருவோர வீட்டில், பேச இயலாத ஒருவரின் வயிற்றுவலியை அறிந்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டியவர், முன்னே கூறிய அக்குறைந்த சம்பளக்காரரே.

பென்ஹர்ஸ்ட்டின் முறை பிறகு வேறு இடங்களுக்கும் சென்றது. கலிபோர்னியா முதலிய மாநிலங்களிலும் காப்பகங்களை விட்டுச் சென்றோர் இவ்வாறே பின்தொடரப்பட்டனர். 1991இல் லக்கோனியா என்னும் இடத்திலிருந்த நிலையத்தை மூடியதோடு, நியூ ஹம்ஷயர் இத்தகைய அரசாங்கக் காப்பகம் ஒன்றும் இல்லாத முதல் மாநிலமாயிற்று. 1999இல், ஜோர்ஜியா மாநிலத்துப் பெண்கள் இருவரின் வழக்கில், ஊருக்குள் வாழத் தக்கவர்களைக் காரணமின்றி அடைத்து வைத்தல் பாரபட்சமாகும் என உயர் நீதிமன்றம் தீர்த்தது. பென்ஹர்ஸ்ட் வழக்கில் இரு முறை கிடைக்காதது, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பூட்டப்பட்ட அதன் கதவுகளுக்குப் பின்னால் இவ்வாறு வந்து சேர்ந்தது.

கட்டடங்களோ பாழடைந்தன. கூரைகள் இடிந்தன, செடிகள் உள்ளே புகுந்தன. 2010ஆம் ஆண்டில் இரு செயல்கள் அங்கே நிகழ்ந்தன. அவ்விடத்தின் வரலாற்றைக் குறிக்கும் பெயர்ப்பலகை ஒன்றை மாநிலம் நாட்டிற்று. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், நிலத்தை வாங்கியவர்கள் கட்டணம் பெற்றுப் பேய்வீட்டு வேடிக்கை காட்டத் தொடங்கினர். காப்பகத்தில் வாழ்ந்தோரின் துன்பத்தைக் கேளிக்கையாக்குவதா எனக் குறைபாடுடையோரின் சங்கங்களும் அவர்களுக்காக உழைத்தோரும் கண்டித்தனர். வேடிக்கை நிற்கவில்லை. பென்ஹர்ஸ்ட்டை விட்டுச் சென்றவர்களின் பெயர்களோ அதற்குள் வேறோர் ஏட்டில் இருந்தன: இன்ன தெரு, இன்ன வீடு, உடன் வாழ்வோர் இருவர், காலை உணவைத் தாமே உண்கிறார்.